மகளின் கொங்கர்களைக் கறி வைத்த கதை

என் கணவர் முதல் கொட்டையை வாயில் போட்டு மென்றார். அவருடைய வலது புருவம் மெல்ல மேலே போனது. இரண்டாவதைச் சோற்றோடு சேர்த்துக் குழைத்து விழுங்கினார். பிறகு தண்ணீர்க் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு. கொஞ்சம் கைக்குது."

"பாவக்காய்க் குழம்பு சட்டியோட சாப்பிடுற ஆள் நீங்கள். உங்களுக்குக் கைப்பு ஒரு பிரச்சினையோ?"

அவர் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெல்பேர்ணில் ஏப்ரல் மாதத்தின் பின்பாதி. வெளியே வெயில் இருந்தது, ஆனால் குசினி யன்னலைத் திறந்தால் கை விறைக்கும். வீடு முழுவதும் தேங்காய்ப்பாலும் தாளித்த வெங்காயமும் மணத்தன. மகள் ஆரணி கை கழுவிவிட்டு வந்தாள். கதிரையில் ஏறி முழங்காலில் நின்றபடி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அகப்பையால் ஒன்றைத் தூக்கித் திருப்பினாள். ஒரு பக்கத்தில் நான் சரியாக உரிக்காமல் விட்ட மண்ணிறத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! யூ குக்ட் மை கொங்கர்ஸ்!"

நான் எத்தனையோ கறிகளைக் கெடுத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் மாமனாருக்கு வைத்த மீன்குழம்பைப் பற்றி இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு கறிக்காகப் பள்ளிக்கூடம் வரை போய்ப் பதில் சொல்ல வேண்டி வந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

அரை வருடத்தில் இரண்டு இலையுதிர்காலம்

சென்ற கிழமை, நாங்கள் இங்கிலாந்திலிருந்து ஆறு சூட்கேஸ்களோடு இங்கே வந்து இறங்கிய கதையை எழுதினேன். "பெட்டிகளைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. நான் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன்.

ஆரணிக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் அவள் வாய் மூடுவது பல் விளக்கும்போது மட்டும்தான், அப்போதும் நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஜனவரிக் கடைசியில் பள்ளி தொடங்கி முதல் தவணை முழுவதும் முடிந்த பிறகும், வகுப்பில் ஒருவரும் அவளுடைய குரலைக் கேட்டதில்லை. தலையை ஆட்டுவாள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மேசையிலுள்ள ஒரு படத்தைத் தொட்டுக் காட்டுவாள். கடையிலும் பூங்காவிலும் அப்படித்தான். அந்நியர் ஒருவர் பக்கத்தில் வந்தால் நடு வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள்.

அவளுடைய வகுப்பு ரீச்சர் மிஸ் ஹெலன் மென்மையான பெண். தவணை முடிவில் என்னைக் கூப்பிட்டு, அடுத்த தவணையின் முதல் சில கிழமைகளிலும் இப்படியே இருந்தால் ஒரு நிபுணரிடம் அனுப்புவதுதான் நல்லது என்றார். நான் தாதி. அந்தப் பரிசோதனையில் என்ன கேட்பார்கள், என்ன பெயர் வைப்பார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியும். "நிச்சயமாக, நன்றி" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளையை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து இந்த நாட்டில் வைத்தது நாங்கள்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆரணிக்கு வேறு கவலைகள் இருந்தன. இங்கிலாந்தில் அக்டோபரில் ஒரு இலையுதிர்காலத்தை முடித்துவிட்டு வந்திருந்தாள். இங்கே ஏப்ரலில் இன்னொன்று தொடங்கியதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அரை வருசத்தில ரெண்டு இலையுதிர்காலம் வந்தா, எனக்கு இப்ப எட்டு வயசோ?"

அவளுடைய அப்பா உலகப் படத்தையும் ஒரு தோடம்பழத்தையும் வைத்து விளக்கினார். கடைசியில் பழத்தை உரித்துச் சாப்பிட்டார்கள். எட்டு வயது ஆகவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்கு இருந்த குழப்பம் இன்னும் மோசம். நாங்கள் இருந்த தெருவில் மேப்பிள் மரங்கள் சிவந்து கொட்டின. அடுத்த தெருவிலிருந்த யூக்கலிப்டஸ் மரங்கள் இலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பட்டையை மட்டும் நீள நீளமாக உரித்துப் போட்டுக்கொண்டு நின்றன. ஒரே ஊரில் ஒரு மரம் உடுப்பைக் கழற்றுகிறது, இன்னொரு மரம் தோலைக் கழற்றுகிறது. ஏன் என்று யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். "தெரியாது, நான் பட்டையைக் கூட்டி அள்ளுவதோடு சரி" என்றார்.

எனக்குத் தெரியாத சனிக்கிழமைகள்

இங்கிலாந்தில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பன்னிரண்டு மணி நேர வேலை. அதனால் வாரக் கடைசி என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் சொந்தம். காட்டுப் பாதை, குளம், பண்ணை என்று எங்கெங்கோ போய்வருவார்கள். நான் இரவு வீடு வந்தால் வாசலில் சேறு அப்பிய இரண்டு சோடி பூட்ஸ் நிற்கும். உடுப்புத் தோய்க்கும் மெஷினைத் திறந்தால் அடியில் நனைந்த இலைகள் கிடக்கும். சில வேளை கல், சில வேளை ஏதோ கொட்டை. திட்டிக்கொண்டே பொறுக்கி வெளியே எறிவேன்.

எறிந்ததற்குப் பதிலாக ஒரு தடவையாவது இது என்ன பிள்ளை என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

மெல்பேர்ணில் கணவருக்குக் கிளேட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருந்தது. என்னுடைய தாதிப் பதிவுப் பத்திரங்கள் வந்து சேரவில்லை. பத்து வருடத்தில் முதல் தடவையாக எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. இனி நானும் வருவேன் என்று அறிவித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மா, பூட்ஸ் இருக்கோ?" என்று கேட்டாள் மகள்.

பூட்ஸ் வாங்கத்தான் ஸ்பிரிங்வேலுக்குப் போனோம். போன இடத்தில் மரக்கறிக் கடை வாசலில் ஒரு பெட்டி நிறையப் பளபளப்பான மண்ணிறக் கொட்டைகள். செஸ்நட் என்று எழுதியிருந்தது. கடைக்கார வியட்நாமியப் பெண் அவித்த கொட்டை ஒன்றை உரித்து நீட்டினார். வாயில் போட்டதும் நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். பலாக்கொட்டை! அதே மா, அதே மெல்லிய இனிப்பு. ஒரு கிலோ வாங்கி, அன்றிரவே பலாக்கொட்டைக் கறி வைக்கிற மாதிரி வைத்தேன். கணவர் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார்.

விலைதான் கொஞ்சம் அதிகம். அந்த எண்ணம் என் மண்டைக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

சும்மா கிடக்கிற கொட்டை

அடுத்த சனிக்கிழமை டண்டினோங் மலைப்பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம். மேலே போகப் போகப் பனி. ஈர மண் வாசம். யாரோ எங்கோ விறகு எரிக்கும் மணம். கணவர் ஸ்கோன் வாங்குவதற்காகத் தேநீர்க் கடையின் நீண்ட வரிசையில் போய் நின்றார். நானும் மகளும் நடந்தோம்.

ஒரு பெரிய மரத்தடியில் ஆரணி திடீரென்று குந்தினாள். இலைகளைக் கையால் விலக்கினாள். எழும்பி என்னிடம் உள்ளங்கையை நீட்டினாள். உள்ளே ஒரு கொட்டை, எண்ணெய் பூசிய மாதிரி மினுங்கிக்கொண்டு. அவளுடைய கண்கள் விரிந்திருந்தன. சுற்றிலும் ஆட்கள் நடந்து திரிந்ததால் ஒன்றும் பேசவில்லை.

நான் சுற்றிப் பார்த்தேன். மரத்தடி முழுவதும் கொட்டைகள்! கிலோக்கணக்கில் சும்மா கிடக்கின்றன, ஒருவரும் பொறுக்கவில்லை. இந்த வெள்ளைக்காரருக்கு அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கைப்பையில் இருந்த சாமான்களைக் கோட்டுப் பைக்கு மாற்றினேன். கணவருக்குச் சொல்ல வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். ஆரணியும் சிரித்துக்கொண்டே விரலை உதட்டில் வைத்தாள். அம்மாவும் மகளும் ஒரே இரகசியத்தில் கூட்டாளிகள் ஆகிவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உண்மையில் ஒரே மரத்தடியில் இரண்டு இரகசியங்கள் இருந்தன. அது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை அப்பாவும் மகளும் நீச்சல் வகுப்புக்குப் போனார்கள். நான் பொறுக்கியது ஒரு கறிக்குக் காணாது போலிருந்தது. கராஜில் ஆரணியின் பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால், துடைத்து அடுக்கிய பதினைந்து இருபது கொட்டைகள், எல்லாம் பெரியவை. பிள்ளை எனக்காக நல்லவையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள் என்று உருகிப்போய் எல்லாவற்றையும் பானையில் கொட்டினேன்.

அவியும்போது தண்ணீர் சவர்க்காரம் போட்ட மாதிரி நுரைத்தது. சரியாகக் கழுவவில்லையாக்கும் என்று நினைத்தேன். தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் நுரைத்தது. மறுபடியும் மாற்றினேன். தாதிமார் பயிற்சியில் முதல் பாடமே, வழக்கத்துக்கு மாறாக ஒன்றைக் கண்டால் நிறுத்திக் கேள் என்பதுதான். நான் மிளகாய்த்தூளைக் கூட்டிப் போட்டேன்.

தாதி வீட்டில் நஞ்சு

இனி மத்தியானத்துக்கு வருவோம். ஆரணி கத்திய கத்தில் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"கொங்கரோ? இது ஸ்பிரிங்வேல் கொட்டை இல்லையோ?"

"பார்க்கில பொறுக்கினது. ரெண்டும் ஒண்டுதானே?"

"ஐயோ, அது வேற சாமான்! அது சாப்பிடக் கூடாது! நஞ்சு!"

"அப்ப கைச்ச உடன துப்பியிருக்கலாமே!"

"நீர் ஆசையா வைச்ச கறி எண்டு விழுங்கிப்போட்டன்!"

நஞ்சு பற்றிக் கேட்பதற்கென்று இங்கே ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. அழைத்தேன். என்ன சாப்பிட்டார் என்று மறுமுனையில் கேட்டார்கள். ஒரு கொட்டை என்றேன். என்ன கொட்டை? எனக்குப் பெயர் தெரியாது. கணவர் குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆரணி ஓடிவந்து தொலைபேசியை ஒரு கையால் பொத்தி, என் காதுக்குள், "ஹோர்ஸ் செஸ்நட்" என்று குசுகுசுத்தாள்.

அப்பா உள்ளே வாந்தி எடுக்கிறார். அந்த நேரத்திலும் அவளால் தொலைபேசியில் இருக்கிற அந்நியப் பெண்ணுக்குக் கேட்கும்படி ஒரு சொல் சொல்ல முடியவில்லை. அந்தக் கணத்தில் எனக்குக் கணவரைவிட அவளைப் பற்றித்தான் பயம் அதிகமாக வந்தது.

வாயைக் கழுவி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தொடர்ந்து கவனிக்கவும், மோசமானால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் சொன்னார்கள். மோசமாகவில்லை. பின்னேரம் அவர் தேத்தண்ணியும் வாட்டிய பாணும் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

ஆரணி சாப்பிடவில்லை. காலியான டின்னை மடியில் வைத்துக்கொண்டு கராஜ் படியில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு, பிள்ளை."

"அது விளையாடுற சாமான் அம்மா. ஓட்டை போட்டு சப்பாத்து லேஸ் கட்டிறது. ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்க மற்றாள் அடிக்கிறது. யாற்றை உடையுதோ அவை தோல்வி. நானும் அப்பாவும் எப்பவும் விளையாடுறனாங்கள்."

"வேற பொறுக்குவம்."

"ஸ்கூலுக்குக் கொண்டுபோக வைச்சிருந்தனான்."

தவணை தொடங்கியதும் வகுப்பில் இலையுதிர்காலத்துக்கு ஒரு மேசை வைக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும். ஆரணியிடம் ஒரு திட்டம் இருந்தது. லேஸ் கட்டிய கொங்கர் இரண்டைக் கொண்டுபோவாள். ஒன்றைப் பக்கத்தில் இருக்கும் ஸோயியிடம் நீட்டுவாள். இருவரும் விளையாடுவார்கள்.

"அதுக்குக் கதைக்கத் தேவையில்லை அம்மா" என்றாள்.

அவள் தன் பிரச்சினைக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்து, துடைத்து, டின்னில் அடுக்கி வைத்திருந்தாள். அதைத்தான் நான் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்திருக்கிறேன். அன்று எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

வெறும் கோதுகள்

அடுத்த சனிக்கிழமை விடியவே மலைக்குக் கிளம்பினோம். நான்தான் எல்லாருக்கும் முதல் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மரத்தடி வெறுமையாகக் கிடந்தது. பூங்கா ஆட்கள் இலைகளை ஊதிக் குவித்து அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். புல் வெட்டிய மாதிரிச் சுத்தமாக இருந்தது. மூவரும் முழங்காலில் தேடினோம். வெறும் முள்ளுக் கோதுகள், வண்டில் சில்லு ஏறி நசுங்கிய இரண்டு மூன்று கொட்டைகள். அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஆரணி எனக்குப் பாடம் எடுத்தாள், ஆட்கள் வரும்போது நிறுத்தி, போன பிறகு தொடர்ந்து. சாப்பிடும் செஸ்நட்டுக்குக் கோதில் மயிர் மயிராக நிறைய முள், கொட்டைக்கு ஒரு கூர்நுனி. கொங்கருக்குக் குட்டையான சில முள்தான், கொட்டை உருண்டை, நுனி இல்லை. இலை கை விரித்த மாதிரி இருக்கும். அவளுக்கு நாலு வயதிலிருந்தே தெரியுமாம். அவளுடைய மூன்று இலையுதிர்காலங்களை நான் வேலையிடத்தில் கழித்துவிட்டேன் என்பது அந்த ஈரப்புல்லில்தான் எனக்கு உறைத்தது. எத்தனையோ பேருடைய தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, அவர்கள் சொன்ன கதையெல்லாம் கேட்டேன். இவள் சொன்னதைக் கேட்கவில்லை.

"வேற பார்க்குக்குப் போவமோ?" என்று கணவர் கேட்டார்.

"வேண்டாம். காணும்" என்றாள் ஆரணி.

இன்னும் இரண்டு பூங்காக்களுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே அந்த மரமே இல்லை. மேப்பிள் இலை ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாமே என்று கெஞ்சினேன். அதை எல்லாரும் கொண்டுவருவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை

வெறும் கையோடு பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் இரண்டரை மணிபோல மிஸ் ஹெலன் தொலைபேசியில் கூப்பிட்டார். பிள்ளையை அழைத்துப் போக வரும்போது கொஞ்சம் முன்னதாக வர முடியுமா என்று கேட்டார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நிபுணருக்கான கடிதம் தயாராகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அவர் வகுப்புக்குப் பக்கத்து அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"முதலில் ஒன்றை நான் கேட்டே ஆக வேண்டும். உங்கள் கணவர் நலமா?"

"நலம்" என்றேன். "ஏன்?"

"அவர் நஞ்சு சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னது?"

மிஸ் ஹெலன் மூக்கை உறிஞ்சினார். கண் நனைந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக இலை, பைன் காய், பூசணி என்று கொண்டுவந்ததைக் காட்டினார்களாம். ஆரணியின் முறை வந்தபோது, வழக்கம்போல அவளைத் தாண்டிப் போக ரீச்சர் வாயெடுத்தாராம். அவள் எழுந்து முன்னால் போய் வெறும் கையை விரித்துக் காட்டியிருக்கிறாள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் சொல்ல வேண்டி வந்துவிட்டது. தான் கொங்கர் கொண்டுவர இருந்ததாகவும், அதை அம்மா கறி வைத்துவிட்டதாகவும், அப்பா இரண்டு தின்று வாந்தி எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அவள் நிறுத்தவில்லை. நுரைத்த தண்ணீர், தொலைபேசி, மலையில் தேடியது, செஸ்நட்டின் கூர்நுனி, எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் போய் இருந்தாளாம்.

"என்ன குரலில் சொன்னாள்? மெதுவாகவா?"

"பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்" என்றார் மிஸ் ஹெலன்.

இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். பாவம், அவர் சொன்னார்.

மணி அடித்தது. வாசலில் மற்றப் பெற்றோருடன் போய் நின்றேன். பிள்ளைகள் பையோடு கொட்டுண்டு வந்தார்கள். ஆரணி மூன்று சிறுமிகளுக்கு நடுவில் வந்தாள். அவர்களில் முன்பல் விழுந்த ஒருத்தி என்னைக் கண்டதும் நின்றாள்.

"கொங்கரைச் சமைத்தது நீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் ஆரணி முந்திக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலுக்குள்ளே அவளுடைய குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யெஸ்! தட்ஸ் மை அம்மா! அண்ட் ஷீ இஸ் அ நர்ஸ்!"

வாசலில் நின்ற அத்தனை பெற்றோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.